வெள்ளைக்காரி பாட்டும் பேர் வெட்டின அண்டாவும்

செண்பகம் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு கரண்டிகூடக் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. குடம், சோற்றுக் குண்டான், இட்லிப் பானை, டிபன் கேரியர், மாவு டப்பா என்று மொத்தம் இருபத்தாறு எவர்சில்வர் சாமான். அத்தனையும் ஆடி வாங்கியது. அதுவும் ஒரே பாட்டுக்கு ஆடி வாங்கியது. ஒற்றைப் பாட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கே சீர்வரிசை சேர்த்த மனுஷி இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு சாமானின் கழுத்திலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். 'படித்துறைத் தெரு இளைஞர் மன்றம், பொங்கல் விழா, நடனம், முதல் பரிசு, செண்பகம்.' வருஷம் மட்டும் மாறும். தெரு மாறாது, பாட்டு மாறாது, செண்பகம் மாறவே மாட்டாள்.

முதலில் அந்தப் பாட்டைச் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றாறாம் வருஷம் மைக்செட் சின்னப்பையன் பர்மா பஜாரிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தான். மேலே அட்டை இல்லை, பேர் இல்லை. எந்த நாடு, என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. எடுத்தவுடன் டுங்கு டுங்கென்று நெஞ்செலும்பில் அடிக்கும். அப்புறம் ஒரு ஆள், ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி மூச்சு விடாமல் பேசுவான். அவன் வாயை மூடியதும் ஒரு பெண் குரல் இழுக்கும் பாருங்கள் ஒரு இழுப்பு, அடையாற்றில் பத்து வருஷமாகத் தேங்கி நின்ற தண்ணீர் கடலைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிடும். பாடியவள் வெள்ளையா கறுப்பா என்று யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் தெருவில் அதற்கு 'வெள்ளைக்காரி பாட்டு' என்று பேர் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் எத்தனையோ பாட்டு வந்தது. பொங்கலுக்கு வருகிற சினிமாப் பாட்டு சித்திரைக்குள் செத்துவிடும். இது மட்டும் சாகவில்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, அதுவும் போய் போன் வந்தது. பாட்டு எல்லாவற்றிலும் ஏறிக் குந்திக்கொண்டது. காது குத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதக் கூழ் என்று எதற்கும் அதுதான். ஒரு தடவை சாவு வீட்டிலும் சின்னப்பையன் கை தவறிப் போட்டுவிட்டான். நாற்காலியில் உட்கார்த்தி மாலை போட்டிருந்த பெரியவரின் கால் கட்டைவிரல் தாளம் தட்டியதை நேரில் பார்த்தோம் என்று இன்றைக்கும் பதினெட்டுப் பேர் சத்தியம் பண்ணுவார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் இளைஞர் மன்றம் முதல் தடவையாகக் காணும் பொங்கலுக்கு நடனப் போட்டி வைத்தது. அப்போது செண்பகத்துக்குப் பதினைந்து வயது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஏறி, வெள்ளைக்காரி பாட்டுக்கு ஆடி, ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் இறங்கினாள். அன்றிலிருந்து பிள்ளை பெற்ற ஒரு வருஷமும் கொரோனா வந்த இரண்டு வருஷமும் தவிர, முதல் பரிசு வேறு வீட்டுக்குப் போனதில்லை.

பதினேழு வயதில் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவை மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு அம்மா வருவார், நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்வார், கடைசியில் முதலில் பார்த்ததையே எடுத்துக்கொண்டு போவார். மீதித் தொண்ணூற்றொன்பதையும் மடிக்க வேண்டியது செண்பகம். கடையில் நாதஸ்வரம் ஓடும். செண்பகத்தின் மண்டைக்குள் வெள்ளைக்காரி ஓடுவாள். எட்டுத் தாள அடிக்கு ஒரு புடவை. விரி, உதறு, இரண்டாய் மடி, நாலாய் மடி, தட்டு, திருப்பு, தோளில் போடு, எம்பி மேல் தட்டில் வை. மேடையில் அவள் ஆடியதும் இதேதான், கையில் புடவை மட்டும் இருக்காது. அந்தக் கடைசி எம்பு இருக்கிறதே, அதற்குத்தான் விசில் பறக்கும். ஒரு வருஷம் எம்பினவள் இறங்கி வருவதற்குள் சின்னப்பையன் ஒரு டீ குடித்து முடித்துவிட்டான் என்று பேச்சு.

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அடையாறு வீட்டுக்குள் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, ஆற்றை ஒட்டியிருந்த வரிசையை மட்டும் இடித்து, அந்தக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். செண்பகம் வீடு அந்த வரிசை. எதிர் வரிசை அப்படியே தெருவில் தங்கியது. தெரு பாதியாகப் போனாலும், காணும் பொங்கலன்று செண்பகம் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஆடி, பரிசைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவாள். மற்ற முந்நூற்று அறுபத்துநான்கு நாளும் அவள் எட்டாவது மாடிக்காரி. அந்த ஒரு நாள்தான் படித்துறைத் தெரு செண்பகம்.

இந்த வருஷம் அந்த ஒரு நாளுக்கும் வேட்டு வந்தது.

மன்றத்துக்கு இது முப்பதாவது வருஷம். புதுச் செயலாளர் தமிழ்மாறன். இருபத்தாறு வயது. பாட்டு பிறந்து நாலு வருஷம் கழித்துப் பிறந்தவன். நாலு தடவை செண்பகத்தை எதிர்த்து ஆடி நாலு தடவையும் தோற்றவன். வாட்சப்பில் ஒரு நோட்டீஸ் விட்டான்: 'போட்டிகளில் படித்துறைத் தெருவில் குடியிருப்பவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம்.'

செண்பகம் உடனே போன் போட்டாள்.

"இன்னா தம்பி, நோட்டீஸு தப்பா கீதே?"

"தப்புலாம் இல்லக்கா. ரூல்ஸு. குடியிருக்கறவங்க மட்டுந்தான்."

"அப்போ நான்?"

"நீ பெரும்பாக்கம்."

"அங்க நான் தூங்கறேன், அவ்ளோதான்."

"ஆதார்ல அந்த அட்ரஸுதான கீது?"

"ஆதார்ல என் மூஞ்சிகூடதான் பேய் மாதிரி கீது. அதுக்குன்னு நான் பேயா?"

"யக்கா, இருபத்தாறு வாட்டி நீயே தூக்கிகினு போனா மத்தவன் இன்னா பண்றது? சின்னப் புள்ளைங்களுக்கு வழி உடுக்கா."

"வழி இன்னா நான் உடறது? ஆடி, என்னத் தள்ளிட்டுப் போ. நாலு வாட்டி வந்தியே, யாரு உன் கையப் புடிச்சிகினா?"

போன் கட்டாகிவிட்டது.

வீட்டுக்காரர் செம்பியன் ஆட்டோ ஓட்டுகிறவர். சண்டை என்றால் யூ டர்ன் போட்டுவிடுவார். "உட்டுத் தள்ளு செண்பகம். வூட்ல சாமான் வைக்க எடமே இல்ல. நேத்து நைட்டு நான் குண்டான்மேல தலைய வெச்சித் தூங்கினேன்" என்றார்.

"சாமானுக்கா ஆடறேன் நானு?" என்று திரும்பினாள். "வூட்ட இடிச்சாங்க. சரி, தண்ணி வந்துச்சு, போனோம். பாட்டுக்குள்ளயுமா தண்ணி பூந்துச்சு? ஒரே ஒரு நாள் அந்தத் தெருக்காரியா நிக்கறேன். அதுவும் கூடாதாம். எவன் சொல்றது? அவனுக்கு மொத மொட்ட போட்டப்போ அய்தானே, மடில வெச்சிகினு இந்தப் பாட்ட வாயால பாடி அடக்கினதே நானு!"

காணும் பொங்கலன்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். "வேடிக்க பாக்கத்தான் போறேன்" என்றாள். வேடிக்கை பார்க்கப் போகிறவள் புடவையை இழுத்து இடுப்பில் செருகி, முழங்காலில் கிரேப் துணி சுற்றி, கொலுசை இரண்டு சுற்று இறுக்கிக்கொண்டு போவாளா என்று செம்பியன் கேட்கவில்லை. அவர் புத்திசாலி.

தெருமுனையில் மேடை. மேடை ஓரத்தில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் சின்னப்பையன். அறுபது வயது, தலையில் ஒரு முடி இல்லை, இன்னும் சின்னப்பையன்தான். நடுவர் நாற்காலியில் ஸ்ரீரங்கன் சார். அபிராமபுரத்துக்காரர், ரிட்டையரான பி.டி. மாஸ்டர். பன்னிரண்டு வருஷமாக இவர்தான் மார்க் போடுகிறார். கழுத்தில் விசில் தொங்கும். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார் என்று கேள்வி.

செண்பகம் கூட்டத்தின் முன்வரிசையில் போய் நின்றாள். தமிழ்மாறன் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவன் மைக்கைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

கடைசியாக ஆட வந்தது கயல். எதிர் வரிசைப் பெண், காலேஜ் முதல் வருஷம். செண்பகம் இடுப்பில் தூக்கித் திரிந்த குழந்தைகளில் ஒன்று. சின்னப்பையன் பட்டனைத் தட்டினான். டுங்கு டுங்கு. செண்பகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளைக்காரி பாட்டு!

"ஏய், இது என் பாட்டாச்சே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

பக்கத்திலிருந்த கயலின் தோழி சிந்து சிரித்தாள். "ஆன்ட்டி, இது ரீல்ஸ் பாட்டு. போன மாசந்தான் வந்துச்சு. ஒலகமே இதுக்குத்தான் ஆடிகினு கீது."

"போன மாசம் வந்துச்சா? இதுக்குக் கல்யாண வயசுல புள்ள கீதுடி!"

போனில் வந்தது பாட்டின் வால் மட்டும்தான். அந்தப் பெண் குரல் இழுக்கிற இடத்தைப் பத்து விநாடிக்கு வெட்டி, அதையே திருப்பித் திருப்பி ஒட்டியிருந்தார்கள். ஆனால் கயல் ஆடினாள். பொய் சொல்லக் கூடாது, பிய்த்து உதறினாள். கை ஒரு ஊருக்குப் போனது, கால் ஒரு ஊருக்குப் போனது, இரண்டும் சரியான நேரத்துக்குத் திரும்பி வந்தன. கூட்டத்தில் நின்ற செண்பகத்தின் கால் கட்டைவிரல், அந்தச் சாவு வீட்டுப் பெரியவரின் கட்டைவிரலைப் போல, யாரையும் கேட்காமல் தாளம் தட்டியது.

போட்டி முடிந்தது என்று தமிழ்மாறன் நினைத்துக்கொண்டான். மன்றத்தில் ஒரு பழக்கம் உண்டு. முடிவு சொல்வதற்கு முன் முதல் பரிசைப் பிரித்து, மேடையில் உயர்த்திக் காட்டுவார்கள். முப்பதாவது வருஷம் என்பதால் இந்தத் தடவை அண்டா. ஜிகினா பேப்பரைக் கிழித்து, இரண்டு கையாலும் அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. அப்புறம் எழும்பிய சத்தத்தில் மாம்பலம் ஸ்டேஷனில் நின்ற ரயில் சிக்னல் கிடைத்ததென்று கிளம்பியிருக்கும். தமிழ்மாறன் தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று காட்டினான்.

சின்னப்பையன் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, மைக்கில் படித்தான்: "முப்பதாவது... பொங்கல் விழா... நடனம்... முதல் பரிசு... செண்பகம்!"

தமிழ்மாறன் அண்டாவை இறக்கிப் பலகையில் வைத்த வேகத்தில் அது கணீரென்றது.

நடந்தது இதுதான். மன்றத்துப் பாத்திரமெல்லாம் மயிலாப்பூரில் ஒரு கடையில் வாங்குவது. கடை வாசலில் குட்டி மெஷினோடு உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர் ஹபீபுர் ரஹ்மான் பாய். முன்பெல்லாம் ஜெயித்தவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பேரை வெட்டிக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் செண்பகமே வந்து நிற்பதைப் பார்த்த பாய், ஒரு கட்டத்தில், அந்த அம்மாவை எதற்கு அலைய விடுவது என்று முன்கூட்டியே பேரையும் சேர்த்து வெட்டிவிட ஆரம்பித்தார். மன்றமும் சிரித்துக்கொண்டு வாங்கி வந்தது. இந்த வருஷம் செண்பகம் கிடையாது என்று தமிழ்மாறன் ஊருக்கெல்லாம் சொன்னான். பாய்க்கு மட்டும் சொல்லவில்லை. ஜிகினா பேப்பர் சுற்றி வந்ததை ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அவன் மேடையிலேயே பாய்க்குப் போன் போட்டான். சின்னப்பையன் சும்மா இருப்பானா, மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"பாய், செண்பகம் பேர உங்கள யாரு வெட்டச் சொன்னது?"

ஸ்பீக்கரில் பாயின் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "யாரு சொல்லணும் நைனா? பொங்கப் பானைல அரிசி போடுன்னு யாராச்சும் வந்து சொல்வாங்களா? அம்மாவுக்கு சலாம் சொன்னேன்னு சொல்லு."

"செண்பகம்! செண்பகம்!" என்று எதிர் வரிசையே கத்தியது. தமிழ்மாறனுக்கு மானம் போனாலும் பரவாயில்லை, ஆள் தப்பினால் போதும் என்றாகிவிட்டது. "யக்கா, வாக்கா. எடுத்துக்கினு போ. உன் பேருதான் போட்டுகீது" என்று அண்டாவை நீட்டினான்.

செண்பகம் மேடை ஏறினாள். அண்டாவைத் தொடவில்லை. மைக்கை வாங்கினாள்.

"பேர் வெட்டினது பாய் தப்பு. ஆடாம வாங்கினா என் தப்பு. எனக்கு ஓசி அண்டா வாணாம். சின்னப்பையண்ணே, பாட்டப் போடு."

"அக்கா, நீ வெளியாளு. அதுவுமில்லாம ஒரே பாட்ட ரெண்டு வாட்டி போடக் கூடாது. ரூல்ஸு" என்றான் தமிழ்மாறன்.

"ரெண்டாவது வாட்டியா? அந்தப் பொண்ணுக்கு நீங்க போட்டது வாலு. தலையும் ஒடம்பும் இன்னும் வரவே இல்ல."

"வயர புடுங்கிடுவேன்க்கா."

சின்னப்பையன் எழுந்து நின்றான். "புடுங்கு பாக்கலாம். முப்பது வருசமா இந்தப் பாட்ட நடுவுல நிறுத்தினவன் ஒருத்தன் பேரச் சொல்லு. நான் மைக்செட்டையே உன் பேருக்கு எழுதி வெச்சிடறேன்."

தமிழ்மாறன் நடுவரைப் பார்த்தான். ஸ்ரீரங்கன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏண்டாப்பா, நானும்தான் வெளியாள். அபிராமபுரத்துலேர்ந்து வந்து மார்க் போடலாம், பெரும்பாக்கத்துலேர்ந்து வந்து ஆடப்படாதா? விசில் ஊதட்டுமா?"

ஊதிவிட்டார்.

பாட்டு தலையிலிருந்து வந்தது. டுங்கு டுங்கு. மூச்சு விடாதவன் பேச ஆரம்பித்தான். செண்பகம் விரித்தாள், உதறினாள், மடித்தாள். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்குப் பட்டு பறந்தது, ஜரிகை மின்னியது, முன்வரிசையில் ஒரு அம்மா விலை கேட்க வாயைத் திறந்துவிட்டார். நாற்பத்துநாலு வயது. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை நின்றே தேய்ந்த கால். அந்தக் கால் மேடைப் பலகையை அடித்த அடி ஒவ்வொன்றும், இங்கேதான், இங்கேதான் என்று இறங்கியது. அவள் ஆடிய இடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் அவள் வீடு இருந்தது. இப்போது அங்கே கம்பி வேலி. வேலியைப் பார்த்தே ஆடினாள்.

வெள்ளைக்காரி இழுக்க ஆரம்பித்தாள். செண்பகம் எம்பினாள். முதல் எம்பு, வானம். இரண்டாவது எம்பு, வானத்துக்கும் மேலே. மூன்றாவது எம்பில் இறங்கும்போது இடது முழங்கால் மடங்கிக்கொண்டது. கூட்டம் 'அய்யோ' என்றது. அவள் விழவில்லை. ஒற்றைக் காலில் நின்று, மீதிப் பாட்டு முழுக்கக் கையால் மட்டும் ஆடி, கடைசிப் புடவையையும் மடித்து மேல் தட்டில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

ஸ்ரீரங்கன் சார் கூட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை கூட்டினார். தொண்டையைச் செருமினார். "அரை மார்க் வித்தியாசம். ஃபர்ஸ்ட் கயல், செகண்ட் செண்பகம். எனக்கே மனசு கேக்கலை. ஆனா மூணாவது ஜம்ப்புல கால் ஊணலையே, என்ன பண்றது?"

தெரு கொதித்தது. ஒரு ஆள் சாரின் விசிலைப் பிடுங்கப் போனான். செண்பகம் கையைக் காட்டினாள். "உடுங்கப்பா. சார் கரீட்டாதான் சொல்றாரு. அரை மார்க்கு. முப்பது வருசத்துல அரையே அரை. இப்போ ஆடித்தான் தோத்துகீறேன், நோட்டீஸ்ல தோக்கல."

கயல் அண்டாவை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள். "ஆன்ட்டி, இதுல உங்க பேரு கீதே. பாய்கிட்ட குடுத்து அழிச்சிட்டு என் பேரு போடவா?"

"எவர்சில்வர்ல வெட்டின பேர எவன் அழிக்கறது? தேச்சா ஓட்டதான் விழும். கீழ எடம் கீது, உன் பேர அங்க போட்டுக்கோ." அப்புறம் தமிழ்மாறன் பக்கம் திரும்பினாள். "தம்பி, குடியிருக்கறவங்க லிஸ்ட்ல என் பேரு இல்லன்னியே. இனிமே தினம் காலைல இந்தத் தெருவுல லாரித் தண்ணி இந்த அண்டால, என் பேர்லதான் ரொம்பும். முடிஞ்சா அத காலி பண்ணு."

இரண்டாம் பரிசு ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி. அதற்குள் கிரேப் துணியைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு, ராணி மாதிரி நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனாள். "பிளாஸ்டிக்கா?" என்று செம்பியன் சந்தோஷப்பட்டார். "அப்பாடா, இது ஒடைஞ்சி போவும்."

அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய அண்டா வேறு யாரிடமும் இல்லை. ஒரு விசேஷம் என்றால் கயல் வீட்டுக்குத்தான் ஆள் வரும். முதலில் "அந்த அண்டாவக் குடு" என்றார்கள். பிறகு "செண்பகம் அண்டா" என்றார்கள். மாசி மாதத்துக்குள் அண்டா என்கிற வார்த்தையும் உதிர்ந்துவிட்டது. "செண்பகத்த இட்டுனு வா." "செண்பகம் ரொம்பிடுச்சா?" "செண்பகத்த நல்லா தேச்சி வெய்யி."

மாசி மாதக் கடைசியில் தமிழ்மாறனின் அக்கா குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் அவன்தான். நூறு பேருக்கு ரோஸ்மில்க் கலக்க வேண்டும். செண்பகத்தையும் அழைத்திருந்தார்கள். அழைத்தது அவன் அக்கா. அவனுக்கு அந்தத் தைரியம் ஏது? அவள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைகிறாள். சின்னப்பையன் ஸ்பீக்கரில் டுங்கு டுங்கு ஆரம்பித்துவிட்டது. எதிரே, பட்டு வேட்டியும் மாலையுமாகத் தாய்மாமன், கயல் வீட்டிலிருந்து அண்டாவைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறான். பேர் வெட்டின பக்கம் சரியாக அவன் நெற்றிக்கு மேலே.

செண்பகம் நடுத்தெருவில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா தம்பி, வெளியாளத் தலைல வெச்சிகினு எங்க போற?"

தமிழ்மாறன் நிற்கப் பார்த்தான். நிற்க முடியவில்லை. அண்டா கனம், பாட்டு வேறு ஓடுகிறது, கால் அவனைக் கேட்காமலே தாளத்துக்கு நடக்க ஆரம்பித்திருந்தது.